அண்டைத் தடங்களில் பெருக்கமும் தேய்வும்

ஒளியைக் கண்ணாடிக்குள் செலுத்தித் தூர தேசங்களுக்குச் செய்தி அனுப்பலாம் என்ற எண்ணம் விஞ்ஞானிகளின் மனத்தில் முதன்முதலாக எழுந்த காலத்தில், அந்த எண்ணத்துக்குக் குறுக்கே நின்ற பெருந்தடை, கண்ணாடி ஒளியைத் தின்றுவிடுகிறது என்பதுதான். 1960-களில் கிடைத்துவந்த சிறந்த கண்ணாடி இழையில் புகுந்த ஒளி, 20 மீட்டர் தூரம் சென்றதும், நூற்றில் ஒரு பங்காகக் குன்றிவிடும். இங்கிலாந்தில் ஹார்லோ நகரத்து ஆராய்ச்சிச் சாலையொன்றில் பணியாற்றிய சார்லஸ் காவோ என்பவர், தம்முடைய சகாவான ஜார்ஜ் ஹாக்கமுடன் சேர்ந்து 1966-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், இந்தத் தேய்வு கண்ணாடியின் பிறவிக் குணமன்று, அதில் கலந்துள்ள அசுத்தங்களின் விளைவே என்று எடுத்துக்காட்டி, ஒரு கிலோமீட்டர் கடந்த பிறகும் நூற்றில் ஒரு பங்கு எஞ்சுமானால் அந்த இழை தொலைத்தொடர்புக்கு உதவும் என்று நிர்ணயித்தார். நான்கே ஆண்டுகளில், 1970-ல், அமெரிக்காவிலுள்ள கார்னிங் கண்ணாடி நிறுவனத்தார் அந்த எல்லையைத் தாண்டினார்கள். இன்று கடலடியில் கிடக்கும் இழைகளிலோ, ஒளி நூற்றில் ஒன்றாகத் தேய்வதற்கு 100 கிலோமீட்டர் பிடிக்கிறது. காவோவுக்கு 2009-ல் நோபெல் பரிசு கிடைத்தது.

இவ்வளவு தூய்மையான இழையிலும் தேய்வு அடியோடு ஒழிந்துவிடவில்லையாதலால், 1987-ல் ஸௌதாம்ப்டன் சர்வகலாசாலையில் டேவிட் பெய்ன் குழுவினரும், அதே சமயத்தில் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையினரும், எர்பியம் என்ற அபூர்வ உலோகத்தைச் சிறிதளவு கலந்த இழைத் துண்டைப் பாதையின் இடையிடையே பொருத்தி, அதற்கு வேறொரு லேசரால் சக்தி ஊட்டி, குன்றிவந்த ஒளியை மறுபடியும் பெருக்கும் உபாயத்தைக் கண்டார்கள். பிறகு சமுத்திரங்களைக் கடப்பது கஷ்டமாயில்லை. இந்தச் சரித்திரம் முழுவதிலும் தேய்வு என்பது குறைக்கப்பட வேண்டியது, அல்லது குறைக்க முடியாதபோது பின்னால் ஈடுசெய்யப்பட வேண்டியது. அதைப் பயனுள்ள ஒரு பொருளாகக் கருதி, வேண்டுமென்றே ஓரிடத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் காரணம் இருக்கவில்லை.

அப்படி வைத்துப் பார்த்தவர்களைப் பற்றியதே இக்கட்டுரை. பெருக்கத்தையும் தேய்வையும் ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக அமைக்காமல், அருகருகே ஓடும் இரண்டு பாதைகளில், ஒன்றில் பெருக்கம், மற்றொன்றில் அதே அளவு தேய்வு என்று சரிநிகராக அமைத்தால் ஒளி எவ்வாறு நடந்துகொள்ளும்? கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், ஆகவே ஒன்றுமில்லாததுபோல் ஒளி செல்லும் என்று விடை சொல்லத் தோன்றும். அந்த விடை பிழை. பிழையான விதமும் மிகச் சுவையானது.

ஒளித்தடம் என்று நான் இங்கே குறிப்பிடுவது, சுற்றியுள்ள பொருளைக் காட்டிலும் சற்றே கூடுதலான ஒளிவிலகல் எண்ணையுடைய ஒரு நுண்ணிய கீற்று. அதன் அகலம் சில மைக்ரோமீட்டர்கள்தான். தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். அதற்குள் புகுந்த ஒளி அதைவிட்டு வெளியே சிதறாமல், அது போகும் திக்கிலேயே போகும். ஆயினும் அலையின் விளிம்பு கீற்றின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. வெளியே சிறிது தூரம் வரை, விரைவில் மங்கும் வால்போல் நீண்டிருக்கும். அந்த வால் எட்டும் தூரத்தில் முதலாவதைப் போலவே இன்னொரு தடம் இருந்துவிட்டால், முதல் தடத்தில் விட்ட ஒளி சிறிது சிறிதாக இரண்டாவதற்குள் கசிந்து, ஒரு குறிப்பிட்ட தூரத்தில் முழுவதும் அங்கே சென்று சேர்ந்து, அதே தூரம் மறுபடியும் சென்றதும் புறப்பட்ட தடத்துக்கே திரும்பி வந்துவிடும். இந்தக் கைமாற்றத்தின் வேகத்தை இணைப்பு வலிமை என்று சொல்லலாம். தடங்களை நெருக்கி வைத்தால் அது கூடும், விலக்கினால் குறையும். தொலைத்தொடர்புச் சாதனங்களில் ஒளியைப் பங்கிடுவதற்கு இந்த இணைத்தடங்கள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன.

இனி, இடப்பக்கத்துத் தடம் ஒளியைப் பெருக்குவதாகவும், வலப்பக்கத்துத் தடம் அதே விகிதத்தில் உறிஞ்சுவதாகவும் செய்வோம். ஒரு கூட்டுக் குடும்பத்தில் அண்ணன் ஈட்டுகிறவனாகவும் தம்பி செலவழிக்கிறவனாகவும் இருந்தால், அண்ணனுடைய கையிலிருந்து தம்பியின் கைக்குப் பணம் போய்ச் சேரும் வேகம் போதுமானதாக உள்ளவரையில், அந்த வீட்டில் செல்வம் குவிவதுமில்லை, வறுமை புகுவதுமில்லை. ஈட்டும் வேகம் கொடுக்கும் வேகத்தை மிஞ்சிய நாள் முதல் ஒருவனிடம் பணம் குவியும், மற்றவன் ஒட்டாண்டியாவான், ஒரு குடும்பம் இரண்டாகிவிடும். ஒளியின் விஷயமும் இதுவே. பெருக்கத்தின் விகிதம் இணைப்பு வலிமையைவிடக் குறைந்திருக்கும்வரை இரு தடங்களும் ஒரே குடும்பம்.

கொடுக்கும் வேகத்துக்கு ஓர் உச்ச வரம்பு ஏன் இருக்க வேண்டும் என்பதை மட்டும் சிறிது நின்று விளக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் இப்பொருளின் சூட்சுமம் முழுவதும் அதில் அடங்கியுள்ளது. இரு தடங்களிலும் உள்ள அலைகள் ஒரே கணத்தில் ஏறி ஒரே கணத்தில் இறங்குமானால், அவற்றுக்கிடையே நிகரமாக ஒளி கைமாறுவதில்லை. ஒன்று மற்றொன்றுக்குச் சற்றுப் பின்தங்கி ஏறுமானால், அதாவது இரண்டுக்கும் இடையே கட்ட வேறுபாடு இருக்குமானால், ஒளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பாயும். பாயும் அளவு அந்தக் கட்ட வேறுபாட்டின் சைன் மதிப்பைப் பொறுத்தது. இரு தடங்களிலும் சமமான பிரகாசம் நிலவி, இடப்பக்கம் பெருகுவதெல்லாம் வலப்பக்கம் சென்று அங்கே உறிஞ்சப்பட்டுவிட வேண்டுமானால், பெருக்கம் எவ்வளவோ அதற்குத் தக்க கட்ட வேறுபாட்டை அலைகள் தாமாகவே மேற்கொள்ள வேண்டும். பெருக்கத்தின் விகிதம் இணைப்பு வலிமையில் ஐந்தில் மூன்று பங்கு என்றால் கட்ட வேறுபாடு ஏறக்குறைய 37 பாகை. ஐந்தில் நான்கு பங்கு என்றால் 53 பாகை. இரண்டும் சமமாகிவிட்டால் 90 பாகை. சைன் மதிப்பு 90 பாகையில் ஒன்றாகி உச்சம் அடைந்துவிடுகிறபடியால், அதற்கு மேலும் பெருக்கத்தைக் கூட்டினால், கூடிய பகுதியைக் கொண்டுபோய்ச் சேர்க்க எந்தக் கட்ட வேறுபாட்டாலும் இயலாது.

இவ்வாறு மாறாத உருவத்தோடு செல்லக்கூடிய இயல்கோலங்கள் இந்த இணைத்தடத்தில் இரண்டு உண்டு. ஒன்றின் கட்ட வேறுபாடு 37 பாகையானால் மற்றொன்றினது 143 பாகை. ஒன்று 53 ஆனால் மற்றொன்று 127. பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்து, 90 பாகையில் ஒன்றாகவே ஆகிவிடுகின்றன. ஒளி இரு தடங்களுக்கிடையே போய்வரும் தூரம் இவ்விரு கோலங்களின் வேகங்களுக்கு உள்ள வித்தியாசத்தால் நிர்ணயிக்கப்படுவதால், கோலங்கள் நெருங்க நெருங்க அந்தத் தூரம் நீண்டுகொண்டே போகும்: முதற் சொன்ன நிலையில் ஒன்றேகால் மடங்கு, அடுத்த நிலையில் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு, இறுதியில் முடிவிலி. இந்த எல்லைக்குக் கீழே, போட்ட ஒளி பெருகியும் குன்றியும் ஊசலாடும், கட்டுமீறி வளராது. எல்லைக்கு மேலே ஒரு கோலம் இடத்தடத்தைப் பற்றிக்கொண்டு வளர்ந்துகொண்டே போகும், மற்றொன்று வலத்தடத்தோடு சேர்ந்து மாயும். சரியாக எல்லையிலேயே நின்றால், ஒளியின் பிரகாசம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். சாதாரணப் பெருக்கியில் காணும் அடுக்குக்குறி வளர்ச்சியும் இல்லை, ஊசலாட்டமும் இல்லை.

இரு தடங்களுக்கும் உரிய இவ்வளவு எளிய இரண்டு சமன்பாடுகளை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே யாராவது எழுதிப் பார்த்திருக்கலாமே என்று வாசகர் கேட்கலாம். எழுதிப் பார்த்திருக்கவும் கூடும். ஆனால் அதில் கவனிக்கத்தக்கது இருக்கிறது என்ற உணர்வு வந்தது, ஒளியியலின் வழியாக அன்று. அதற்கு வெகு தூரத்திலிருந்த குவாண்டம் சித்தாந்தத்தின் அஸ்திவாரத்தைப் பற்றிய ஒரு விசாரணையின் வழியாகத்தான்.

குவாண்டம் பௌதிகத்தில் ஒரு பொருளின் சக்தி நிலைகளைத் தரும் ஹாமில்டனியன் என்ற கணித வடிவம், ஹெர்மிஷியன் எனப்படும் நிபந்தனைக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று பாடப்புத்தகங்கள் விதித்திருந்தன. அந்த நிபந்தனை இருந்தால்தான் சக்தியின் மதிப்புகள் மெய்யெண்களாக இருக்கும், அளவுகோலில் காணக்கூடிய எண்களாக இருக்கும் என்பது காரணம். நிபந்தனை மீறப்பட்டால் கற்பனையெண் பகுதி வந்து சேரும். அதன் பொருள், துகள் எங்கிருந்தோ தோன்றுகிறது அல்லது எங்கோ மறைந்துபோகிறது என்பதே. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த கார்ல் பெண்டரும் அவருடைய இளைய சகா ஸ்டெஃபான் பெட்சரும், கற்பனையெண்ணைத் தாங்கிய ஒரு முப்படி ஆற்றல் வடிவத்துக்கு மெய்யெண் நிலைகளே கிடைக்கின்றன என்று பெஸ்ஸிஸ் என்ற அறிஞர் கொண்டிருந்த ஊகத்தைப் பின்தொடர்ந்து, 1998-ல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். ஹெர்மிஷியன் நிபந்தனை இல்லாவிடினும், வேறொரு சமச்சீர்மை இருந்தால் சக்தி நிலைகள் மெய்யெண்களாகவே இருக்கக்கூடும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

அந்தச் சமச்சீர்மையை நம்முடைய இணைத்தடத்திலேயே காணலாம். கண்ணாடியில் பிரதிபிம்பமாகப் பார்த்தால் இடம் வலமாகும். பெருக்கும் தடம் இப்போது வலப்பக்கத்தில் தெரியும். பிறகு காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால், பெருகுவது தேய்வதாகவும் தேய்வது பெருகுவதாகவும் தோன்றும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் அமைப்பு மாறிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் இருந்தபடியே இருக்கிறது. பிரதிபிம்பமும் காலத் திருப்பமும் கூடிய இந்தச் சமச்சீர்மையைப் பி.டி. சமச்சீர்மை என்று பௌதிகர்கள் சுருக்கமாகக் குறிப்பிடுகிறார்கள். பெண்டரும் பெட்சரும் எண்வழிக் கணக்கீட்டால் கண்டதற்கு, 2001-ல் பாட்ரிக் டோரி, கிளேர் டன்னிங், ராபர்ட்டோ டட்டேயோ ஆகிய மூவரும் முறையான நிரூபணம் கொடுத்தார்கள். இயற்கையின் அடிப்படை விதியே இவ்வாறு அமைந்திருக்குமோ என்ற வினா இன்றுவரை தத்துவ வினாவாகவே இருந்துவருகிறது. அணுக்களையும் எலெக்ட்ரான்களையும் கொண்டு அதைச் சோதித்துப் பார்ப்பது எளிதன்று.

இந்த இடத்தில்தான் ஒளி உதவிக்கு வந்தது. ஒரு தடத்தின் வழியே செல்லும் ஒளிக்கற்றையின் குறுக்கு வடிவம் எவ்வாறு மாறுகிறது என்பதைச் சொல்லும் சமன்பாடு, குவாண்டம் துகளுக்கு ஷ்ரோடிங்கர் எழுதிய சமன்பாட்டின் உருவத்தையே கொண்டது. அங்கே காலம் வகிக்கும் ஸ்தானத்தை இங்கே தூரம் வகிக்கிறது; அங்கே ஆற்றல் வடிவம் செய்வதை இங்கே ஒளிவிலகல் எண் செய்கிறது. ஒளிவிலகல் எண்ணுக்குக் கற்பனையெண் பகுதி இருந்தால் அது பொருளின் பெருக்கத்தையோ தேய்வையோ குறிக்கும். அதை ஆராய்ச்சிச் சாலையில் நாம் விரும்பியபடி அமைக்கலாம். ஆகவே மெய்ப்பகுதி இருபுறமும் ஒத்தும், கற்பனைப் பகுதி இருபுறமும் எதிர்க்குறி பெற்றும் உள்ள ஓர் ஒளித்தட அமைப்பு, பெண்டர் கனவு கண்ட குவாண்டம் உலகத்தின் நேர்ப் பிரதியாகிவிடுகிறது. அமெரிக்காவின் மத்திய ஃபுளோரிடா சர்வகலாசாலையில் டெமட்ரியோஸ் கிறிஸ்டடூலிடிஸும், எல்-கனெய்னி, மக்ரிஸ், முஸ்லிமானி ஆகிய சகாக்களும் 2007, 2008-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் இந்த ஒப்புமையை விரித்துக் காட்டி, என்னென்ன காணலாம் என்பதையும் கணித்துச் சொன்னார்கள்.

முதற்பரிசோதனை 2009-ல் வெளிவந்தது. அதில் பெருக்கம் இல்லவே இல்லை என்பதுதான் விசேஷம். ஒரு தடத்தில் தேய்வு இல்லை, மற்றொன்றில் தேய்வு உண்டு என்றால், அதை இரண்டுக்கும் பொதுவான ஒரு சராசரித் தேய்வாகவும், அதற்கு மேலே ஒன்றில் பெருக்கம் மற்றொன்றில் தேய்வு என்ற சமநிலையாகவும் பிரித்துக் கணக்கிடலாம். பொதுத் தேய்வு இரண்டையும் ஒரே விதமாகக் குறைக்குமாதலால், சமச்சீர்மையின் விளைவுகள் அதனடியில் மறையாமல் இருக்கும். அலூமினியம் காலியம் ஆர்ஸனைடு என்ற அரைக்கடத்தியில் இரு தடங்களைச் செதுக்கி, ஒன்றின்மீது மட்டும் குரோமியம் பட்டையைப் பூசி, பட்டையின் அகலத்தை மாதிரிக்கு மாதிரி கூட்டித் தேய்வை ஏற்றிக்கொண்டே போனார்கள். முதலில், எதிர்பார்த்தபடி, மறுமுனையில் வந்துசேரும் மொத்த ஒளி குறைந்தது. எல்லையைத் தாண்டிய பிறகு, தேய்வு இன்னும் கூடக் கூட, வந்துசேரும் ஒளியும் கூடத் தொடங்கியது.

இது முதலில் கேட்கும்போது நம்பத்தகாததாகத் தோன்றினும், மேலே சொன்ன கணக்கே இதையும் விளக்குகிறது. தேய்வுள்ள தடத்தின் உறிஞ்சும் வேகம் இணைப்பு வலிமையை விஞ்சிவிட்டால், ஒளியால் அத்தடத்துக்குள் சரளமாகப் புகவே முடிவதில்லை. நல்ல தடத்திலேயே தங்கிவிடுகிறது. எல்லையில் இருந்த தேய்வைக் கால் பங்கு கூட்டினால், நல்ல தடத்தைச் சார்ந்த கோலம் குன்றும் விகிதம் பாதியாகக் குறைந்துவிடும். இதைக் காகிதத்தில் இரண்டு வரியில் எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம். தேய்வின் அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நமக்கு, தேய்வு வைக்கப்பட்ட இடமும் அதன் அண்டை அயலோடு அதற்குள்ள உறவும் அதே அளவு முக்கியம் என்பதை இந்தப் பரிசோதனையைப் போலத் தெளிவாக உணர்த்தியது வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

பெருக்கமும் தேய்வும் இரண்டும் உண்மையாகவே அமைந்த பரிசோதனையை, ஜெர்மனியில் கிளௌஸ்தால் தொழில்நுட்பச் சர்வகலாசாலையில் கிறிஸ்டியன் ரூட்டரும் டெட்லெஃப் கிப்பும், ஃபுளோரிடா குழுவினரோடும் இஸ்ரேலைச் சேர்ந்த மொர்டெகாய் ஸெகெவோடும் சேர்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். இரும்பு கலந்த லித்தியம் நியோபேட் படிகத்தில் டைட்டானியத்தை ஊடுருவச் செய்து இரு தடங்களை அமைத்தார்கள். அந்தப் படிகத்தில் ஒளியைப் பெருக்குவதற்கு ஓர் அழகிய வழி உண்டு: மேலிருந்து வேறொரு கற்றையைப் பாய்ச்சினால், அதுவும் தடத்தில் செல்லும் ஒளியும் குறுக்கிட்டுப் படிகத்துக்குள் ஒரு நுண்ணிய கீற்றணியை உண்டாக்கும், அந்தக் கீற்றணி மேற்கற்றையின் சக்தியைத் தடத்து ஒளிக்கு மாற்றிக் கொடுக்கும். ஒரு மறைப்பினால் மேற்கற்றையை ஒரு தடத்தின்மேல் மட்டும் விழச் செய்தார்கள். மற்றத் தடத்தில் இரும்பின் காரணமாக இயற்கையாகவே உறிஞ்சல் இருந்தது.

கீற்றணி ஒரு நொடியில் உருவாகிவிடுவதில்லை, மெல்ல மெல்லத்தான் வலுப்பெறுகிறது என்பது இங்கே ஒரு வரப்பிரசாதமாக அமைந்தது. பெருக்கம் பூஜ்யத்திலிருந்து படிப்படியாக ஏறிவருகையில், படிகத்தின் மறுமுனையில் ஒளி எந்தத் தடத்தில் எவ்வளவு வெளிவருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். எல்லையை அணுகுவதும் தாண்டுவதும் கண்ணெதிரே நிகழ்ந்தன. பெருக்கம் இல்லாதபோது, இடத்தில் புகுத்தினாலும் வலத்தில் புகுத்தினாலும் விளைவு ஒன்றுக்கொன்று பிரதிபிம்பமாக இருந்தது. எல்லையைத் தாண்டிய பிறகோ, எந்தத் தடத்தில் புகுத்தினாலும் ஒளி பெருக்கும் தடத்தின் வழியாகவே வெளிவந்தது.

இதிலிருந்து, ஒளியை ஒரு திசையில் மட்டும் செல்லவிட்டு எதிர்த் திசையில் தடுக்கும் ஒருவழிச் சாதனம் கிடைத்துவிட்டதாகச் சிலர் உற்சாகம் கொண்டார்கள். அது சரியன்று. இட வலங்களை மாற்றிப் புகுத்துவது வேறு, வெளிவந்த முனையிலிருந்து திருப்பி அனுப்புவது வேறு. பொருளின் தன்மை ஒளியின் பிரகாசத்தைப் பொறுத்து மாறாதவரையில், காந்தப் புலம் முதலியவற்றின் உதவியுமில்லாதவரையில், பெருக்கமும் தேய்வும் எவ்வாறு கலந்திருப்பினும், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எவ்வளவு ஒளி செல்லுமோ அவ்வளவே திரும்பியும் வரும் என்ற லாரென்ட்ஸின் பழைய நியதி பழுதில்லாமல் நிற்கிறது. பிரகாசத்துக்கேற்ப மாறும் பெருக்கத்தைச் சேர்த்துக்கொண்டால் அதைக் கடக்க முடியும் என்பதை, பெண்டரின் சர்வகலாசாலையிலேயே லான் யாங் என்ற அம்மையாரின் குழுவினர், பெண்டரையும் சேர்த்துக்கொண்டு, கண்ணாடி நுண்வளையங்களால் 2014-ல் செய்துகாட்டினார்கள்.

இரு கோலங்களும் ஒன்றாகிவிடுகிற அந்த எல்லைக்கு விதிவிலக்குப் புள்ளி என்று பெயர். கணிதத்தில் அதை டோஸியோ காட்டோ என்ற ஜப்பானிய அறிஞர் 1966-ல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்திருந்தார். ஒளியில் அதைக் கண்டவர்களின் வரிசை அதற்கும் முந்தியது. அந்த வரிசையில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். உறிஞ்சும் படிகங்களில் சில விசேஷத் திசைகள் உண்டு என்று ஜெர்மானியரான வோல்டெமார் ஃபாய்க்ட் 1902-ல் கூறியிருந்தார். சர் சி. வி. ராமனின் சகோதரி மகனான சிவராமகிருஷ்ண பஞ்சரத்தினம், பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இளம்பிராயத்தில், அயோலைட் என்ற நிறமுள்ள படிகத்தை எடுத்துக்கொண்டு, அந்தத் திசைகளில் ஒளி செல்லும் விதத்தை ஆராய்ந்து, 1955-ல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் கட்டுரைகளாக வெளியிட்டார். சாதாரணமாக ஒரு படிகத்தில் எந்தத் திசையிலும் உருமாறாமல் செல்லக்கூடிய முனைவாக்க நிலைகள், அதாவது ஒளியலை அதிரும் விதங்கள், இரண்டு உண்டு. அந்த விசேஷத் திசைகளிலோ இரண்டும் ஒன்றாகி, ஒரே ஒரு வட்ட முனைவாக்கம்தான் உருமாறாமல் செல்கிறது. எதிர்ச்சுழற்சியுள்ள வட்ட ஒளியைப் புகுத்தினால், அது போகப் போக முன்னதாக மாறிக்கொண்டே வருகிறது, அந்த மாற்றத்தின் வீச்சு தூரத்துக்கு நேர்விகிதமாக வளர்கிறது. நம்முடைய இணைத்தடத்தில் எல்லைப்புள்ளியில் கண்ட அதே கணக்கு! இரு தடங்களுக்குப் பதிலாக இரு முனைவாக்கங்கள், செதுக்கிய அரைக்கடத்திக்குப் பதிலாக இயற்கையில் கிடைத்த ஒரு கல், வேறு வித்தியாசமில்லை. பஞ்சரத்தினம் 1969-ல் ஆக்ஸ்போர்டில், 35-ஆவது வயதிலேயே காலமாகிவிட்டார். அவருடைய கட்டுரைகளின் பெருமையைப் பிற்காலத்தில் உலகறிய எடுத்துச் சொன்னவர் பிரிட்டிஷ் பௌதிகரான மைக்கேல் பெர்ரி. ஒளித்தடங்களின் பி.டி. சமச்சீர்மையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த இளைஞரையும் நினைவுகூர வேண்டியது கடமை என்று நான் கருதுகிறேன்.

பயனைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று உறுதியானது, மற்றொன்று விவாதத்துக்குரியது. உறுதியானது லேசரைப் பற்றியது. நுண்வளைய லேசர் ஒன்றில் பல நிறங்கள், அதாவது பல அதிர்வெண்கள், ஒரே சமயத்தில் கிளம்பிவிடுகின்றன. அவ்வளையத்தின் பக்கத்தில் அதைப் போன்றதே ஆனால் சக்தி ஊட்டப்படாத இன்னொரு வளையத்தை வைத்தால், எந்த அதிர்வெண்ணின் பெருக்கம் இணைப்பு வலிமையைத் தாண்டுகிறதோ அது மட்டும் சமச்சீர்மையை முறித்துக்கொண்டு பெருக்கும் வளையத்தில் நிலைத்து லேசராகிறது. மற்றவையெல்லாம் இரு வளையங்களுக்கும் பகிரப்பட்டு, ஒன்றில் பெற்றதை மற்றதில் இழந்து அடங்கிக் கிடக்கின்றன. ஃபுளோரிடாவில் மெர்சிடே காஜாவிகான், கிறிஸ்டடூலிடிஸ் குழுவினர் இவ்வாறு இரட்டை வளையத்தாலும், பெர்க்லியில் ஷியாங் ஜாங் குழுவினர் ஒரே வளையத்தின்மேல் குரோமியமும் ஜெர்மேனியமும் ஒழுங்கான இடைவெளிகளில் படிந்த பட்டைகளாலும், 2014-ல் ஒரே நிறமுள்ள லேசரை அடைந்தார்கள். தேய்வை வேண்டுமென்றே சேர்த்து லேசரைச் சீர்படுத்துவது என்பது அதற்கு முந்திய தலைமுறைப் பொறியாளர்களுக்கு விபரீதமாகப் பட்டிருக்கும்.

விவாதத்துக்குரியது உணர்கருவிகளைப் பற்றியது. விதிவிலக்குப் புள்ளியில் அமைந்த கருவியைச் சிறிதளவு கலைத்தால், ஒன்றாயிருந்த இரு அதிர்வெண்கள் பிரிகின்றன. பிரியும் அளவு, கலைப்பின் அளவைப் போன்றதன்று, அதன் வர்க்கமூலத்தைப் போன்றது. பதினாயிரத்தில் ஒரு பங்கு கலைப்பு நூற்றில் ஒரு பங்கு பிரிவாகத் தோன்றும். மூன்று கோலங்கள் ஒன்றாகும் புள்ளியானால் கனமூலம். பத்து லட்சத்தில் ஒரு பங்கே அந்த நூற்றில் ஒரு பங்கைக் கொடுத்துவிடும். யாங் குழுவினரும் ஃபுளோரிடா குழுவினரும் 2017-ல் இவற்றைச் செய்துகாட்டியபோது, நுண்ணுயிர்களையும் சுழற்சியின் மிகச் சிறிய மாற்றங்களையும் இனி எளிதில் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கை பரவியது.

ஆனால் பெருக்கும் பொருள் எதுவும் தன்னியல்பாகவே ஒழுங்கற்ற ஒளியையும் சேர்த்து உமிழ்கிறது. அதை நீக்க முடியாது. கோலங்கள் ஒன்றையொன்று நெருங்கும்போது அந்த இரைச்சலும் பெருகுகிறது. கலிபோர்னியா தொழில்நுட்ப நிலையத்தில் கெர்ரி வாஹாலா குழுவினர், சுழற்சியை அளக்கும் வளைய லேசரை விதிவிலக்குப் புள்ளிக்கு அருகே இயக்கி, சமிக்ஞை உண்மையாகவே பன்மடங்கு உயர்வதை 2019-ல் கண்டார்கள். மறுவருஷம் அதே கருவியில் இரைச்சலை அளந்து, அதுவும் அதே மடங்கு உயர்ந்து, இலாபத்தைச் சரியாக விழுங்கிவிடுகிறது என்று வெளியிட்டார்கள். தாமே கண்ட நல்ல முடிவின்மேல் இவ்வளவு கண்டிப்பான தணிக்கையைத் தாமே நடத்தியது போற்றத்தக்கது. வேறு விதமான அமைப்புகளில், குறிப்பாகக் கருவியின் பிற பாகங்களிலிருந்து வரும் இரைச்சலே பெரிதாக உள்ள இடங்களில், இலாபம் மிஞ்சக்கூடும் என்று வாதிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதம் முடியவில்லை.

இதற்கும் அடியில் இன்னொரு கட்டுப்பாடு இருக்கிறது. காரணம் முன்னும் காரியம் பின்னுமாகத்தான் நிகழ வேண்டும் என்ற நியதியிலிருந்து, ஒரு பொருளின் பெருக்கமும் தேய்வும் அதன் ஒளிவிலகல் எண்ணின் மெய்ப்பகுதியோடு பிரிக்கமுடியாதபடி பிணைக்கப்பட்டுள்ளன என்று க்ரேமர்ஸும் க்ரோனிக்கும் 1920-களிலேயே காட்டியிருந்தார்கள். ஆகவே ஒரு பக்கத்துப் பெருக்கமும் மறுபக்கத்துத் தேய்வும் எல்லா நிறங்களுக்கும் ஒரே சமயத்தில் சரிநிகராக இருப்பது இயலாது. தனித்தனியான சில அதிர்வெண்களில் மட்டுமே சமநிலை பூரணமாகும், அவற்றை விட்டு விலகினால் ஏறக்குறையத்தான். நடைமுறையில் லேசரொளியின் நிறப் பரப்பு மிகக் குறுகியதாதலால் இந்தக் குறை பெரிதாகத் தோன்றுவதில்லை. செய்திகளைச் சுமக்கும் நிறப்பரப்பு அகன்ற துடிப்புகளைச் சமநிலைத் தடங்களில் அனுப்ப விரும்புகிறவர்கள்தான் இதை எதிர்கொள்ள வேண்டும். எந்த அதிர்வெண்ணைச் சுற்றி, எவ்வளவு அகலத்துக்கு, எவ்வளவு பிழையோடு அந்தச் சமநிலையைக் காப்பாற்றலாம் என்பதை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே கணக்கிட்டுத்தான் அவர்கள் தங்கள் தடங்களை வரைய வேண்டியிருக்கிறது.